ஹாஸ்டல் கட்டி முடியவில்லை, லாட்ஜில் தங்க வைக்கிறார்கள்: சம்மதிக்கலாமா?

கேள்வி: அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகர், 2 ஆகஸ்ட் 2025

மகளுக்குத் திருப்பதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல் கட்டணம் முழுவதும் கட்டிவிட்டோம். இப்போது போன் செய்து, புதிய ஹாஸ்டல் தசராவுக்குள் தயாராகிவிடும், அதுவரை முதலாண்டு மாணவிகளுக்கு ஊருக்குள் ஒரு லாட்ஜை எடுத்திருக்கிறோம், காலையும் மாலையும் பஸ் விடுவோம் என்கிறார்கள். என் மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். எனக்கென்னவோ ஏ.சி. அறை, உள்ளேயே குளியலறை, ஹாஸ்டலைவிட வசதிதானே என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 2 ஆகஸ்ட், இரவு

அறை நன்றாகத்தான் இருக்கும். அதை விடுங்கள். புரட்டாசி சனிக்கிழமை வந்தால் பிள்ளைகளை எங்கே வைப்பீர்கள் என்று கல்லூரியில் கேளுங்கள். பதில் உடனே வருகிறதா, இழுக்கிறார்களா என்று பாருங்கள்.

3 ஆகஸ்ட்

புரட்டாசிக்கும் பொறியியல் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூர். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன். கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் ஒரு கல்லூரி எங்கள் மேல் மாடிகள் இரண்டையும் மொத்தமாக எடுத்துக்கொண்டது. முதலாண்டுப் பையன்கள். காரணம் இதேதான்: கட்டடம் முடியவில்லை, அட்மிஷன் மட்டும் முடிந்துவிட்டது.

திருப்பதியில் லாட்ஜ் தொழில் இன்று வந்து நாளை போகிறவர்களை நம்பி நடக்கிறது. வாடகை இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு. ஆனால் பாதிப் பேர் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. குளித்துவிட்டு மலைக்குப் போவார்கள், இறங்கி வந்து ஒரு தூக்கம் போடுவார்கள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விரிப்பை மாற்றி, தரையைத் துடைத்து, அன்று இரவே அடுத்த குடும்பத்துக்குச் சாவியைக் கொடுக்கலாம். ஒரே நாளில் ஒரே அறைக்கு இரண்டு வாடகை. முதலாளிகள் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கல்லூரி தருவது மாத வாடகை. அதை நாள் கணக்காக வகுத்துப் பார்த்தால் சாதாரண நாள் வாடகையில் பாதிகூடத் தேறாது. பிறகு ஏன் கொடுக்கிறார்கள்? மழைக்காலத்திலும் பள்ளிப் பரீட்சை மாதங்களிலும் அறைகள் காலியாகக் கிடக்கும். அப்போதும் பணம் வருமே என்ற ஆசை.

புரட்டாசி பிறந்ததும் அந்த ஆசை தலைகீழாகிவிடும். சனிக்கிழமைதோறும் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் பஸ் பிடித்தும் கூட்டம் வந்து இறங்கும். கூடவே பிரம்மோற்சவம். இந்த வருடம் செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 2 வரை, கருட சேவை 28ஆம் தேதி. அந்த நாட்களில் அறைக்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டுப் போவார்கள். பையன்கள் இருந்த அந்த வருடம், இரண்டு மாடிகள் மாத வாடகையில் தூங்கிக்கொண்டிருக்கின்றனவே என்று எங்கள் முதலாளிக்குத் தூக்கமே வரவில்லை. ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கல்லூரி ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மறுநாள் பையன்களுக்குத் திடீரென்று படிப்பு விடுமுறை அறிவித்தார்கள். பெட்டிகளை எல்லாம் ஓர் அறையில் அடுக்கிப் பூட்டினோம். வேலூர், திருவள்ளூர்ப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஊர் தூரமாக இருந்தவர்கள் எங்கள் டைனிங் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்களுடைய அறைகளில் வேறு யாரோ மொட்டை போட்டுக்கொண்டு வந்து ஈரத் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தான் கேட்கச் சொன்னேன்.

4 ஆகஸ்ட்

எந்தக் கல்லூரி, எந்த லாட்ஜ் என்று கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போகும். நாளைக்கு வேறொரு லாட்ஜில் இதுவே நடக்கும்போது இது நல்ல லாட்ஜ்தானே என்று நினைத்துக்கொள்வீர்கள்.

5 ஆகஸ்ட்

திருவிழாவை விட்டுவிட்டுப் பார்த்தாலும், படிக்கிற பிள்ளைக்கு லாட்ஜ் அறையில் என்ன இருக்காது என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

முதலில் மேசை. லாட்ஜ் அறையில் இருப்பது கண்ணாடி பதித்த அலங்கார மேசை. சீப்பும் பொட்டும் வைக்கிற அகலம்தான் இருக்கும். அதில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் எதிரே நம் முகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பையன் அதைச் சகிக்க முடியாமல் ரிசப்ஷனிலிருந்து பழைய தெலுங்குச் செய்தித்தாளை வாங்கிப்போய்க் கண்ணாடி முழுவதும் ஒட்டினான். செமஸ்டர் முடிவதற்குள் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். கணிதத்தில் போய்விட்டது.

அடுத்தது துணி. பிரயாணி ஊருக்குப் போய்த் துவைத்துக்கொள்வார். இவர்கள் தினமும் துவைக்க வேண்டும், காயப்போட இடம் கிடையாது. ஜன்னல் கம்பி, மின்விசிறி, கட்டில் கால் எல்லாவற்றிலும் தொங்கும். சில அறைகளின் ஜன்னல் தெருப்பக்கம் இல்லாமல் கட்டடத்துக்கு நடுவே உள்ள குழாய்ப் பொந்தைப் பார்த்துத் திறக்கும். அந்த அறைகளில் துணி காயவே காயாது. நவம்பர் மழையில் மாடி முழுவதும் ஒரு வாடை அடிக்கும்.

மூன்றாவது மின்சாரம். ஓர் அறைக்கு ஒரு பிளக், மிஞ்சினால் இரண்டு. மூன்று லேப்டாப், நான்கு செல்போன், நூடுல்ஸ் வேகவைக்க ஒரு கெட்டில். இரவு பதினொன்றுக்கு மாடியே இருண்டுபோகும். எலக்ட்ரீஷியன் வரும்வரை எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அதிகாலை. முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் பிரயாணிகள் இருந்தார்கள். இரண்டரை மணிக்கு வாளிச் சத்தம் ஆரம்பிக்கும். மூன்று மணிக்குக் குழந்தைகள் அழும், யாரோ தாத்தாவைத் தேடுவார்கள், ஜீப் டிரைவர் கீழேயிருந்து ஹாரன் அடிப்பார், மாடிப்படியில் கோவிந்தா கோவிந்தா என்று இறங்குவார்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை, நானும் சொல்கிறவன்தான். காலையில் இயற்பியல் பரீட்சை எழுதப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் கோவிந்தா கேட்டால், தன்னைச் சொல்கிறார்களோ என்று வயிறு கலங்கும்.

6 ஆகஸ்ட்

குளியலறை வழுக்குமே, யாராவது விழுந்தார்களா என்று கேட்ட அம்மாவுக்கு: விழுந்தான், ஒருவன். கை பிசகிவிட்டது. கல்லூரியிலிருந்து யாரும் போனை எடுக்கவில்லை. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர்தான் என் ஊர் என்றதும் அவனே, அண்ணா, கட்டுக் கட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்றான். நான் முதலில் எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். புத்தூர்க்காரன் இப்படிச் செய்யலாமா என்று வீட்டில் இன்றும் திட்டு வாங்குகிறேன்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லூரியிலிருந்து யாரும் போனை எடுக்கவில்லை என்றேனே, அதற்கு மறுபடியும் வருவேன்.

10 ஆகஸ்ட்

அமெரிக்காவில் இது சகஜம், நாம்தான் பெரிதுபடுத்துகிறோம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சகஜம்தான். ஆனால் காரணம் வேறு.

அங்கே இடம் கொடுத்த மாணவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்பதைக் கல்லூரிகள் ஊகித்துத்தான் கடிதம் அனுப்புகின்றன. ஊகம் தப்பினால் கட்டில் பற்றாது. 2019இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இலக்கைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாகச் சேரச் சம்மதித்துவிட்டார்கள். பக்கத்து ஓட்டலையும் வளாகத்தை ஒட்டிய விருந்தினர் ஓட்டலின் ஒரு பகுதியையும் மாணவர் குடியிருப்பாக மாற்றினார்கள். ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்தால் சலுகை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். வெர்மான்ட்டில் மிடில்பரி கல்லூரி 2023இல் ஒரு படி மேலே போய், விடுப்பு எடுத்துக்கொண்டு போகும் மூத்த மாணவர்களுக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக அறிவித்தது. நம் ஊரில் இப்படி அறிவித்தால் வகுப்பில் பேராசிரியர் மட்டும் இருப்பார்.

கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா கதையைத்தான் நம்மவர்கள் படிக்க வேண்டும். கொரோனா முடிந்து 2021இல் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பியபோது பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கான மாணவர்களை ஓட்டல்களில் தங்க வைத்தது. இந்தப் பற்றாக்குறைக்குத் தீர்வாக அவர்கள் கையில் ஒரு திட்டம் இருந்தது: 4,500 பேர் தங்கக்கூடிய ஒரே கட்டடம். பெரும் கோடீஸ்வரர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் தருகிறேன், ஆனால் என் வரைபடப்படி கட்ட வேண்டும் என்றார். அந்த வரைபடத்தில் பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னலே கிடையாது. ஆலோசனைக் குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் இதற்கு உடன்பட முடியாது என்று 2021 அக்டோபரில் விலகினார். 2023இல் திட்டத்தையே கைவிட்டார்கள். குழாய்ப் பொந்து ஜன்னல் அறைகளைப் பார்த்தவன் என்ற முறையில் மெக்ஃபேடனுக்கு என் வணக்கம்.

11 ஆகஸ்ட்

வர்ஜீனியாவில் எட்டாயிரம் பேர் ஓட்டலில் இருந்தார்களாமே என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இல்லை. எட்டாயிரம் என்பது அந்த வருடம் சேரச் சம்மதித்த புதியவர்களின் மொத்தக் கணக்கு. ஓட்டலுக்குப் போனது அதில் ஒரு சிறு பகுதிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஒரு பிரிவு முதலாண்டு மாணவர்களை வெஸ்டின் ஓட்டலில் வைத்திருந்தது. ஓர் அறையில் கூடிப் பேசிக்கொண்டிருந்த 11 பேரை, தொற்றுக்கால விதியை மீறினார்கள் என்று அந்தப் பருவத்திலிருந்தே நீக்கியது. கட்டியிருந்த 36,500 டாலர் திரும்ப இல்லை என்றார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பணத்தில் படிப்புக் கட்டணத்தை மட்டும் அடுத்த பருவத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பெயர் ஓட்டலாக இருந்தாலும் சட்டம் பேசும்போது அது ஹாஸ்டல்தான். மாணவரைத் தண்டிக்க ஹாஸ்டலாக இருக்கிற இடம், மாணவரைக் காக்கவும் ஹாஸ்டலாக இருக்க வேண்டும் இல்லையா? இதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததை எழுதப்போகிறேன்.

16 ஆகஸ்ட்

அரக்கோணத்துக்காரரே, இதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு ஒழுங்குமுறையை எல்லாரும் ராகிங்குக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஹாஸ்டலோ, நிறுவனத்தின் பகுதியாக மாணவர்கள் கூட்டமாகத் தங்கும் வேறு இடமோ, எதுவானாலும் அதற்கு முழுநேர வார்டன் ஒருவரை நிறுவனமே நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வார்டன் எந்த நேரத்திலும் தொடர்புக்குக் கிடைக்க வேண்டும், அவருடைய போன் எண் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கல்லூரி வாடகை கொடுத்து, பிள்ளைகளைக் கூட்டி வைத்திருக்கிற லாட்ஜ் இதற்குள் வராமல் வேறு எதற்குள் வரும்?

எங்களிடம் வார்டன் என்று ஒரு இளம் விரிவுரையாளரைப் போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு வந்து பேர் கூப்பிட்டுவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் ரேணிகுண்டாவுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். பாவம், புதிதாகக் கல்யாணமானவர். அதன் பிறகு வார்டன், காவலாளி, டாக்டர், அம்மா எல்லாம் நான்தான். எனக்குச் சம்பளம் கொடுத்தவர் லாட்ஜ் முதலாளி, கல்லூரி இல்லை. ஒரு பையனுக்கு நடுராத்திரியில் காய்ச்சல் கொதித்தால் ஆட்டோ பிடித்து ருயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன், அது மனிதத்தன்மை. ஆனால் அங்கே கையெழுத்துப் போடு என்றால் எந்த உரிமையில் போடுவது?

அறையைப் பார்க்கப் போகாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

17 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்தால் லாட்ஜே நரகம் என்கிற மாதிரி இருக்கிறது. அப்படியில்லை. அந்தப் பையன்களில் சிலர் இன்றும் திருமலைக்கு வந்தால் போன் செய்கிறார்கள். புது ஹாஸ்டலுக்குப் போன பிறகு லாட்ஜே மேல் என்றவர்கள் உண்டு. வரிசையில் நிற்காமல் குளியல், வாரம் ஒரு முறை வெளுத்த விரிப்பு, கீழே இறங்கினால் எந்த நேரமும் சூடாக இட்லி. ஊர் பெரியது, ஊரைக் கற்றுக்கொண்டார்கள்.

நஷ்டப்பட்டவர்கள் கூச்ச சுபாவமுள்ள பையன்கள். ஹாஸ்டலில் பொது மெஸ், டி.வி. அறை, மரத்தடி என்று ஏதாவது ஓர் இடத்தில் முகம் பழகிவிடும். லாட்ஜில் வராந்தாவும் கதவும்தான். கதவைச் சாத்திக்கொண்டால் தீர்ந்தது. ஒருவன் இரண்டு மாதம் பக்கத்து அறைக்காரன் பெயர்கூடத் தெரியாமல் இருந்தான். இதற்கு ஒப்பந்தத்தில் எந்த வரியைச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

23 ஆகஸ்ட்

அரக்கோணத்துக்காரர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெண் வார்டன் அங்கேயே தங்குகிறாராம், முதல் மாடியில் அவருக்கென்று அறை. நல்லது. கட்டடம் முழுவதையும் கல்லூரியே எடுத்திருக்கிறது, வெளி ஆட்கள் இல்லை. மிக நல்லது, இரண்டரை மணி வாளிச் சத்தம் இருக்காது.

இரவு ஒன்பதரைக்கு மாடிப்படிக் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள், பாதுகாப்பு பலமாக இருக்கிறது என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். இங்கேதான் எனக்கு உதைக்கிறது. வேறு படிக்கட்டு இருக்கிறதா? சாவி யாரிடம்? 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீப்பற்றி இரண்டு ஆசிரியைகள் இறந்துபோனார்கள். வெளியே இருப்பவன் உள்ளே வராமலிருக்கப் பூட்டுகிற பூட்டு, உள்ளே இருப்பவர் வெளியே வராமலும் பூட்டும்.

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தனிச் சட்டமே வந்தது, அதைக் காட்டிக் கேட்கலாமே என்கிறார் ஒரு வக்கீல் நண்பர். ஐயா, எல்லை தாண்டி ஆந்திராவின் நகரிக்குள் வந்துவிட்டால் அது செல்லாது.

இன்னொரு விஷயம், பெண் பிள்ளைகள் என்பதால் சொல்கிறேன். எல்லா லாட்ஜிலும் ரிசப்ஷனில் எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி இருக்கும். ரூம் பாய்கள் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பழகியவர்கள். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று ஒவ்வொரு கதவாகப் பாருங்கள். மாற்றுச் சாவிக் கொத்து வார்டன் அறையில் இருக்க வேண்டும்.

31 ஆகஸ்ட்

சொந்தக் கட்டடம் இல்லாத கல்லூரியில் ஏன் சேர்க்கிறீர்கள் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அதை ஒப்புக்கொள்ள முடியாது. இதே திருப்பதியில் ஐ.ஐ.டி.யும், ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமும் 2015இல் தொடங்கியபோது இரண்டுமே வேறு கல்லூரிகளின் கட்டடங்களில்தான் இருந்தன. ஐ.ஐ.டி. ரேணிகுண்டா சாலையில், ஐசர் மங்களம் பக்கம். இன்று ஏர்ப்பேடு பக்கம் சொந்த வளாகங்களில் இருக்கின்றன. பாலக்காடு ஐ.ஐ.டி.யும் அதே வருடம் கோழிப்பாறையில், நம் தமிழ் பேசுகிற ஊர்களுக்கு நடுவே, இரவல் வளாகத்தில் பிறந்ததுதான். இரவல் இடம் குற்றமில்லை. இரவல் இடத்தில் பொறுப்பையும் இரவல் விட்டுவிடுவதுதான் குற்றம்.

23 செப்டம்பர்

கல்லூரி ஹாஸ்டல் கட்டணத்தோடு ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்கிறதாம். நேற்றிலிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ஓட்டல் அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அது பிரயாணிக்கு. மாணவிக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவின்படி, கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருந்தாலும் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிற இடத்துக்கு வரியே கிடையாது. பில்லைக் கேளுங்கள், வாய்ச் சொல்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நடுவில் திருவிழாவுக்காகக் காலி செய்ய வைத்தால் ‘தொடர்ந்து’ என்பது என்னவாகும் என்பதை ஆடிட்டர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

29 செப்டம்பர்

கருட சேவை நேற்று முடிந்தது. அரக்கோணத்துக்காரரின் மகள் அறை பத்திரமாக இருக்கிறது. ஆனால் மேல் மாடிப் பிள்ளைகளைக் கீழே இறக்கி, இரண்டு பேர் அறையில் நான்கு பேராக வைத்திருக்கிறார்கள். மேல் மாடி “பராமரிப்பில்” இருக்கிறதாம். பராமரிப்புக்கு வந்தவர்கள் லட்டுப் பையோடு படியிறங்குவதை அந்தப் பெண்ணே பார்த்திருக்கிறாள்.

வெளி ஆட்கள் இல்லை என்று முன்பு சொன்னார்களே, அது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பெற்றோர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். தனியாகப் போனால் சமாதானம் சொல்லி அனுப்புவார்கள், கூட்டமாகப் போனால் பதில் சொல்வார்கள்.

9 அக்டோபர்

தசரா முடிந்தது, கட்டடம் முடியவில்லை. யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் மேல் மாடி பிள்ளைகளிடம் திரும்பி வந்துவிட்டது. டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசி, பத்து நாள் சொர்க்கவாசல் தரிசனம். அதற்கு அறையைத் தொட மாட்டோம் என்று இந்த முறை கல்லூரி கடிதத்தாளில் கையெழுத்துடன் வந்திருக்கிறது.

2 நவம்பர்

தமிழ்நாட்டில் கல்லூரி இல்லையா, ஆந்திராவுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்பவருக்கு: என் அம்மா பிறந்தது திருத்தணி, வாழ்ந்தது புத்தூர். 1960இல் எல்லை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, புத்தூர் ஆந்திராப் பக்கம் நின்றது. அம்மா அதற்காக அரிசி உலையை இறக்கவில்லை. அரக்கோணத்துக்குத் திருப்பதி ரயிலில் கொஞ்ச தூரம். மதுரைக்கு அனுப்பினால்தான் வெளியூர்.

18 ஜனவரி 2026

பொங்கல் விடுமுறை முடிந்ததும் புது ஹாஸ்டலுக்கு மாற்றுகிறார்களாம். சந்தோஷம். லாட்ஜைக் காலி செய்யும்போது கவனிக்க வேண்டியது என்ன என்று கேட்டிருக்கிறார்.

மகளைச் செல்போனில் அறையை முழுவதும் படம் எடுக்கச் சொல்லுங்கள்: வாஷ்பேசின், குழாய், கண்ணாடி, மெத்தையின் இரு பக்கம், ஏ.சி. ரிமோட். லாட்ஜ்காரர் உடைந்த சாமான்களின் பட்டியலைக் கல்லூரிக்குக் கொடுப்பார். கல்லூரி அதை அப்படியே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் காப்புத் தொகையில் கழிக்கும். அந்தப் பட்டியலில் மாணவிகள் வருவதற்கு முன்பே விரிசல் விட்ட வாஷ்பேசின்களும் இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அந்த மாதிரிப் பட்டியலை முதலாளி சொல்லச் சொல்ல எழுதியவன் நான். செப்டம்பரில் மேல் மாடியில் தங்கிய பிரயாணிகளின் கணக்கு பிள்ளைகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லாட்ஜின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர், ஆதார் நகல் எல்லாம் இருக்கும். வார்டன் அம்மாவிடம் சொல்லி அந்தத் தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.